இரு நாட்டுப் பிள்ளை: கலாநிதி ஆனந்த குமாரசுவாமி



கொலன்னாவையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. தந்தை தமிழர்; தாய் பறங்கியர். பாடசாலைப் படிவத்தில் இனம் என்ற இடத்தை நிரப்ப வேண்டி வந்தபோது, அவர்களுடைய மகன் பேனையைக் கீழே வைத்துவிட்டான். பின்னர் பாட்டனார் விட்டுச்சென்ற பழைய கலைக்களஞ்சியம் ஒன்றை எடுத்துப் புரட்டினான். மண்டையோட்டை அளந்து மனிதரை இனம் பிரித்து, கலப்பில் பிறந்தவரைக் குறைத்துப் பேசும் பக்கங்கள் அதில் இருந்தன. என்னைக் கண்டபோது இரண்டு கேள்விகள் கேட்டான். தான் எந்த இனத்தைச் சேர்ந்தவன்? கற்றறிந்த விஞ்ஞானிகள் எழுதியது பிழையாக இருக்க முடியுமா?

அவனுக்கு மறுமொழியாக நான் சொன்ன வாழ்க்கை வரலாற்றையே உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி, சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்த தமிழ்ப் பெருமகன். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். சைவராய் இருந்தும் பௌத்தரின் பாளி நூல்களையும் மொழிபெயர்த்தவர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருடைய மருமக்கள். தாய் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணி. பிள்ளைக்கு ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி என்று பெயரிட்டார்கள். பெயரின் நடுவில் தாயின் ஊரும் முடிவில் தந்தையின் குலமும் நின்றதைக் கவனியுங்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன், 1879 மே 4இல் தந்தை காலமானார். தாயின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே பிள்ளை வளர்ந்தான். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றான். 1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் அவர் இந்நாட்டின் மலைகளைச் சுற்றி வந்தார். 1904இல் சப்பிரகமுவையின் இரத்தினக்கல் மணலில் கிடைத்த, பாரம் மிகுந்த கருநிறக் கல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதை அவர் யுரேனியக் கனிப்பொருள் என்றே முதலில் எண்ணினார். இலண்டனில் டன்ஸ்ரன் என்ற அறிஞர் சோதித்தபோது, அதில் பெரும்பங்கு தோரியம் என்பதும், அது உலகம் அதுவரை அறியாத கனிப்பொருள் என்பதும் தெரிந்தன. தோரியனைற்று என்ற பெயர் அதற்கு வந்தது. அடுத்த ஆண்டில், இலங்கைக் கல்லிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு ஒட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். அதைத் தனி மூலகம் என்று அன்று கருதினார்கள். அது தோரியத்தின் ஒரு சமதானியே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

வாசகரே, இங்கே சற்று நில்லுங்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஆராய்ச்சி இன்று செல்லுமா? கல் அதே கல்தான். அதன் எடையும் அது வீசும் கதிரும் மாறவில்லை. கல்லுக்கு மனிதர் இட்ட பெயரும், அதை அடுக்கி வைத்த வரிசையும் திருத்தம் பெற்றன. பழைய ஆராய்ச்சி என்பதற்காக அதைத் தள்ளவும் வேண்டாம். அச்சில் வந்தது என்பதற்காகக் கும்பிடவும் வேண்டாம். எதை அளந்தார்கள், எதை ஊகித்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பதே முறை.

கல் தேடிய அப்பயணங்களில் குமாரசுவாமியின் மனம் கலையின்பால் திரும்பியது. 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்தது. ஆனால் 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல் கண்டிய சிங்களக் கைவினைஞரைப் பற்றியது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர் சிங்களக் கலையின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்தார்.

ஆயினும் அவரிடமும் ஒரு குறை இருந்தது. மேனாட்டு உடையை இரவல் வாங்கும் நம்மவரைக் கடிந்து 1905இல் கண்டியிலிருந்து ஒரு சிறு நூல் எழுதினார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. என்றாலும், இரு நாட்டு இரத்தம் ஓடிய அவரே பிறரிடம் கலப்பற்ற தூய்மையை நாடியது வியப்பு அல்லவா? 1916இல் வெளியிட்ட இராஜபுத்திர ஓவியம் பற்றிய நூலிலும் அதே நாட்டம் தெரிகிறது. அதுவரை கவனிப்பாரற்றுக் கிடந்த ஓவியங்களை உலகறியச் செய்தார்; அந்தப் பெருமை இன்றும் அவருடையதே. ஆனால் இராஜபுத்திர ஓவியம் வேறு, மொகலாய ஓவியம் வேறு என்று அவர் இட்ட வேலி நிலைக்கவில்லை. ஓவியர்கள் ஓர் அரசவையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றார்கள். இரு பாணிகளும் ஒன்றையொன்று வளர்த்தன என்று பின்வந்த ஆய்வாளர் காட்டினார்கள். அவர் கண்டெடுத்த ஓவியங்கள் நின்றன. அவர் போட்ட வேலி விழுந்தது.

மனிதரை இனம் பிரித்த நூல்களுக்கும் இதுவே நேர்ந்தது. மண்டையோட்டை அளந்த எண் சரியாகவே இருந்திருக்கலாம். அந்த எண்ணிலிருந்து அறிவையும் குணத்தையும் தீர்மானித்ததே பிழை. 1972இல் ரிச்சர்ட் லெவொன்ரின் என்ற அமெரிக்கப் பரம்பரையியல் அறிஞர், இரத்த வகைகளையும் புரதங்களையும் கணக்கிட்டார். மனிதரிடையே காணும் வேறுபாட்டில் 85 வீதம் ஒரே மக்கட் கூட்டத்துக்குள்ளேயே இருப்பதையும், இனங்கள் எனப்படுபவற்றுக்கு இடையில் ஏறக்குறைய 6 வீதம் மட்டுமே இருப்பதையும் கண்டார். பின்வந்த டி.என்.ஏ. ஆய்வுகளும் அக்கருத்துக்கே வலுவூட்டின. கலப்பில் பிறந்தவர் குறைந்தவர் என்ற பேச்சுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. மனிதர் யாவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று ஞானோபதேசத்தில் படித்த நமக்கு இது புதுமையும் அல்ல.

1917இல் குமாரசுவாமி அமெரிக்காவுக்குச் சென்று, பொஸ்டன் நுண்கலை அரும்பொருட்சாலையில் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். முப்பது ஆண்டுகள் அங்கே உழைத்தார். எழுபதாவது பிறந்த நாளைக் கொண்டாடி, இந்தியாவுக்குத் திரும்பி வாழ எண்ணியிருந்தவர், 1947 செப்டெம்பர் 9இல் அமெரிக்க மண்ணிலேயே கண்மூடினார். கொழும்பில் அவர் பெயரால் ஒரு வீதி உண்டு.

பெற்றோரே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் கொலன்னாவைப் பையனைப் போலக் கேட்கலாம். பாதித் தமிழன், பாதிப் பறங்கி என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். அரை மனிதன் என்று எவரும் பிறப்பதில்லை. தந்தையின் முன்னோரும் தாயின் முன்னோரும் முழுமையாக அவனுக்கு உரியவர்கள் என்று சொல்லுங்கள். குமாரசுவாமியும் தாயின் ஊரைத் தம் பெயரிலிருந்து நீக்கவில்லை. தந்தையின் குலத்தையும் விட்டுவிடவில்லை. அந்தப் பையன் மறுநாள் படிவத்தை எடுத்து, இரு பெயர்களையும் எழுதிக் கொடுத்தான்.