களம் மாறிய வீரர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் அபிலீன் என்னும் சிற்றூர் உள்ளது. டுவைட் ஐசன்ஹோவர் வளர்ந்தது அங்கேதான். அவர் டெக்சாஸ் மாநிலத்தின் டெனிசன் நகரில் 1890ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அபிலீனுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் வெண்ணெய் ஆலையில் பணியாற்றினார். ஆறு ஆண்மக்கள் வளர்ந்த அவ்வீட்டில் பணத்திற்குத் தட்டுப்பாடு இருந்தது, உழைப்பிற்கு இல்லை.

உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ஒருநாள் ஐசன்ஹோவர் கீழே விழுந்தார். முழங்காலில் ஏற்பட்ட சிறு சிராய்ப்பு நஞ்சாகிக் கால் முழுவதும் பரவியது. உயிரைக் காக்கக் காலை அகற்ற வேண்டும் என்றார் மருத்துவர். ஐசன்ஹோவர் இணங்கவில்லை. தாம் நினைவிழந்தாலும் காலை வெட்ட விடக்கூடாது எனத் தமையன் எட்கரிடம் உறுதி பெற்றார். காய்ச்சல் மெல்லத் தணிந்தது, கால் பிழைத்தது. ஆனால் அந்த ஆண்டுப் படிப்பு வீணாயிற்று.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் எட்கர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருக்குப் பணம் அனுப்புவதற்காகத் தம்பி வெண்ணெய் ஆலையில் வேலை செய்தார். பிறகு வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் கட்டணமின்றிக் கல்வி பெறலாம் என்பதை அறிந்து, தேர்வெழுதி, 1911ஆம் ஆண்டு அங்குச் சேர்ந்தார். அவருடைய தாயார் போரையே வெறுத்தவர். எனினும் மகனின் வழியில் அவர் குறுக்கே நிற்கவில்லை.

ஐசன்ஹோவரின் உள்ளம் கால்பந்தில் ஊன்றியிருந்தது. அது நாம் ஆடும் கால்பந்து அன்று; அமெரிக்கக் கால்பந்து. பந்து நீள்வட்ட வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடுவர்; எதிரணியினர் பாய்ந்து பிடித்து வீழ்த்துவர். அணிக்குப் பதினொருவர். முதலாம் ஆண்டில் உடல் எடை போதாமையால் முதன்மை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் உடற்பயிற்சி செய்தார், நன்கு உண்டார், ஓயாது ஓடிப் பழகினார். மறு ஆண்டு அணியில் இடம் பெற்றார்.

1912ஆம் ஆண்டுப் பருவம் வெற்றியுடன் தொடங்கியது. ஸ்டீவன்ஸ் கல்லூரியை 27-0 எனவும், ரட்கர்ஸ் கல்லூரியை 19-0 எனவும் இராணுவக் கல்லூரி வென்றது. இளம் வீரர் ஐசன்ஹோவரை நாளிதழ்கள் பாராட்டின. நவம்பர் 9ஆம் நாள் கார்லைல் பள்ளி அணி வந்தது. அமெரிக்கப் பழங்குடி மாணவர்கள் பயின்ற பள்ளி அது. அவ்வணியின் ஜிம் தார்ப், அவ்வாண்டுதான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றிருந்தார். அவரைத் தடுத்து நிறுத்த ஐசன்ஹோவரும் தோழர்களும் அரும்பாடுபட்டனர், இயலவில்லை. கார்லைல் 27-6 என வென்றது.

அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியுடன் ஆடியபோது ஐசன்ஹோவரின் முழங்கால் திருகிக்கொண்டது. சில நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். காயம் முற்றும் ஆறுமுன் குதிரையேற்றப் பயிற்சியில் கலந்துகொண்டார். குதிரையிலிருந்து குதித்து இறங்கியபோது அதே முழங்கால் நொறுங்கியது. இனிக் கால்பந்து ஆடவே கூடாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அப்பருவத்தின் இறுதியில் கடற்படைக் கல்லூரியிடம் அவருடைய அணி 0-6 எனத் தோற்றது. அவரால் களமிறங்க இயலவில்லை.

அவர் மனமுடைந்து போனார். படிப்பில் நாட்டம் குறைந்தது. கல்லூரியை விட்டே போய்விட எண்ணினார்; உடன் பயின்றோர் தடுத்தனர். அணிக்காகத் தம்மால் இன்னும் என்ன செய்ய இயலும் என்று பின்னர் சிந்தித்தார். களத்தின் ஓரத்தில் நின்று ஊக்கக் குரல் எழுப்புவோருக்குத் தலைமை ஏற்றார். இளையோர் அணிக்குப் பயிற்சி அளித்தார். எவரை எங்கே நிறுத்தினால் அணி வலுப்பெறும் என்று கணிக்கக் கற்றார். 1914ஆம் ஆண்டு இராணுவக் கல்லூரி ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. அவ்வணியில் அவருடைய வகுப்புத் தோழர் ஓமர் பிராட்லி இருந்தார். ஐசன்ஹோவர் களத்திற்கு வெளியே இருந்தார்.

1915ஆம் ஆண்டு 164 பேரில் 61ஆம் இடம் பெற்றுத் தேர்ச்சியடைந்தார். முழங்காலைக் காரணம் காட்டி அவருக்கு அதிகாரி பதவியே மறுக்கப்படும் நிலை எழுந்தது. இறுதியில் காலாட்படையில் சேர்க்கப்பட்டார். முதல் உலகப்போரின்போது போர்முனைக்குச் செல்ல ஏங்கினார். ஆயினும் உள்நாட்டில் பீரங்கி வண்டிப் படையினருக்குப் பயிற்சி அளிக்கும் பணியே கிடைத்தது. அதையும் செவ்வனே செய்தார்.

இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் நேசநாட்டுப் படைகளுக்கு அவர் தலைமைத் தளபதியானார். பல நாட்டுப் படைகளையும் பலவகைத் தளபதிகளையும் ஓரணியாக இணைத்தார். 1944ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் 1,50,000க்கும் மேற்பட்ட வீரர்கள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கினர். அமெரிக்கத் தரைப்படைகளைப் பிராட்லி வழிநடத்தினார். முயற்சி தோற்றால் வெளியிடுவதற்காக ஐசன்ஹோவர் முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். வீரர்களின் துணிவைப் போற்றிய அக்குறிப்பில், பழி முழுவதும் தம்முடையதே என்று ஏற்றிருந்தார். முயற்சி வென்றது, குறிப்பு தேவைப்படவில்லை.

1953 முதல் 1961 வரை அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தார். 1959ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவிற்கு வந்தார். பதவியில் இருந்தபோது நம் நாட்டிற்கு வந்த முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அவரே. 1969ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் மறைந்தார்.

ஐசன்ஹோவர் வெஸ்ட் பாயிண்ட் அணியில் ஆடியது ஒரு பருவத்தின் ஒரு பகுதி மட்டுமே. தாம் ஆட இயலாதபோதும் அணியை விட்டு விலகாதிருக்க அவர் அங்கேதான் கற்றார்.

சிந்தித்து விடை எழுதுக

1. முழங்கால் முறிந்தபின் ஐசன்ஹோவர் தம் அணிக்கு எவ்வகையில் துணைநின்றார்?
2. நார்மண்டிப் படையெடுப்பிற்கு முன் அவர் எழுதிய குறிப்பு அவருடைய எப்பண்பைக் காட்டுகிறது?
3. நீங்கள் விரும்பிய ஒன்றில் பங்கேற்க இயலாமற்போனால் என்ன செய்வீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.