ஜகதீஷ் சந்திர போஸ்

ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 - நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இந்திய இயற்பியலாளரும் தாவர உடலியலாளரும் ஆவார். கம்பியில்லாத் தகவல்தொடர்பின் தொடக்க காலத்தில், மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உண்டாக்கி, அவற்றைச் செலுத்தவும் உணரவும் உரிய கருவிகளை அமைத்தவர். அவர் ஆராய்ந்த அலைப்பட்டை அவர் காலத்துத் தொலைத்தொடர்புக்குப் பயன்படவில்லை. இன்று பறக்கும் வானூர்திகளுக்குத் தரவுகளைக் கொண்டு செல்வதில் அப்பட்டையே முதன்மையான இடம் பெறுகிறது.

இளமையும் கல்வியும்

போஸ் வங்காள மாகாணத்தின் மைமன்சிங் நகரில் (இன்றைய வங்காளதேசம்) பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலராகவும் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவராகவும் இருந்தார். வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய அக்காலத்தில், அவர் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கு மீனவர், பணியாளர் ஆகியோரின் பிள்ளைகளுடன் போஸ் ஒன்றாக அமர்ந்து படித்தார்.

பின்னர் கொல்கத்தாவில் பயின்று 1879 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1880 இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். உடல்நலக் குறைவால் அப்படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு இயற்பியலாளர் இராலே பிரபு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தார்.

பிரசிடென்சி கல்லூரியில்

1885 இல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பணியில் சேர்ந்தார். அங்கு ஐரோப்பியருக்கு வழங்கிய ஊதியத்தை விடக் குறைந்த ஊதியமே இந்தியருக்கு வழங்கப்பட்டது. இந்த வேறுபாட்டை ஏற்காத போஸ், மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். இறுதியில் நிருவாகம் அவருக்கு முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

1887 இல் அபலா தாஸ் என்பவரை மணந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1882 இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அபலா. உடல்நலக் குறைவால் அவரும் அப்படிப்பை நிறைவு செய்ய இயலவில்லை. பிற்காலத்தில் பெண் கல்விக்காக உழைத்தார்.

குற்றலை ஆய்வுகள்

ஜேர்மானிய அறிவியலாளர் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளை 1880களின் இறுதியில் செய்முறையில் மெய்ப்பித்திருந்தார். போஸ் 1894 இல் இத்துறையில் ஆய்வைத் தொடங்கினார். கல்லூரியில் அவருக்கு ஆய்வுக்கூட வசதி இல்லை. சிறிய அறை ஒன்றில், உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரின் துணையுடன் தம் கருவிகளைத் தாமே உருவாக்கினார்.

மின்காந்த அலைகளும் ஒளியைப் போலவே எதிரொளிக்கும், விலகும், முனைவாக்கம் அடையும் என்று காட்டுவதே அவர் நோக்கம். நீண்ட அலைகளைக் கொண்டு இதனைச் செய்ய மிகப் பெரிய ஆடிகளும் பட்டகங்களும் தேவைப்படும். எனவே அவர் அலைநீளத்தைக் குறைத்தார். அவருடைய அலைகளின் நீளம் சுமார் 5 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருந்தது. இது ஏறத்தாழ 12 முதல் 60 கிகாஹேர்ட்ஸ் அதிர்வெண் ஆகும். அலை சிறிதானதால் கருவிகள் அனைத்தும் ஒரு மேசை மீது அடங்கின. கூம்பு வடிவ அலைவாங்கி, குழாய் வடிவ அலைநடத்தி ஆகியவற்றை அவர் பயன்படுத்தினார். முறுக்கிய சணல் இழைகளையும், தாள்களுக்கு இடையே வெள்ளீயத் தகடு செருகிய தொடர்வண்டிக் கால அட்டவணை நூலையும் கொண்டு முனைவாக்கத்தை ஆராய்ந்தார்.

இக்காலத்தில் கொல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன்னிலையில் ஒரு செய்முறை விளக்கம் அளித்தார். சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகள் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. 1896 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897 சனவரியில் இலண்டன் இராயல் நிறுவனத்தில் தம் கருவிகளைக் காட்டி உரையாற்றினார்.

உணரிகளும் காப்புரிமையும்

அன்றைய உணரி, உலோகத் துருவல் நிரப்பிய குழாய் ஆகும். அலை பட்டதும் துருவல்கள் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தை விடும். அடுத்த குறிகையைப் பெற, குழாயைத் தட்டி அவற்றைப் பிரிக்க வேண்டும். போஸ் இரும்பும் பாதரசமும் கொண்ட, தானே பழைய நிலைக்குத் திரும்பும் உணரியை அமைத்து, 1899 இல் இலண்டன் அரச கழகத்தில் கட்டுரையாக வெளியிட்டார். ஈயத் தாதுவான கலீனா படிகத்தையும் உணரியாகப் பயன்படுத்தினார். இது குறைகடத்திக் கருவிகளுக்கு ஒரு முன்னோடி.

1901 இல் கம்பியில்லாத் தந்தி உற்பத்தியாளர் ஒருவர் காப்புரிமையில் கூட்டுச் சேர அழைத்தபோது போஸ் மறுத்தார். அறிவை விலைக்கு விற்கலாகாது என்பது அவர் கொள்கை. எனினும் அமெரிக்கரான சாரா புல், பாரதியார் தம் குருவாகப் போற்றிய சகோதரி நிவேதிதா ஆகியோரின் வற்புறுத்தலால் படிக உணரிக்கு விண்ணப்பிக்க இசைந்தார். 755,840 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை 1904 மார்ச் 29 இல் வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு அவர் பொருளீட்ட முயலவில்லை.

மார்க்கோனியும் போசும்

1901 டிசம்பர் 12 இல் மார்க்கோனி அத்திலாந்திக் கடலைக் கடந்து வந்த குறிகையை நியூபவுண்ட்லாந்தில் பெற்றார். அதற்குப் பயன்பட்ட பாதரச உணரி, போஸ் வெளியிட்ட அமைப்பை ஒத்தது. அக்கருவி இத்தாலியக் கடற்படையிலிருந்து மார்க்கோனிக்குக் கிடைத்தது. போசின் பெயர் அப்போது குறிப்பிடப்படவில்லை. அதன் மூலம் போசே என்று பிற்கால ஆய்வாளர் சிலர் நிறுவ முயன்றுள்ளனர்.

ஆயினும் வானொலியை ஒருவரே கண்டுபிடித்தார் என்று கூறுவது பொருந்தாது. லாட்ஜ், பொப்போவ், மார்க்கோனி ஆகியோரும் அதே ஆண்டுகளில் இத்துறையில் உழைத்தனர். அவருள் மார்க்கோனியின் நோக்கம் தொலைவு. நீண்ட அலைகள் புவியின் வளைவைத் தழுவி வெகுதூரம் செல்லும் என்பதால், நடுக்கடலில் செல்லும் கப்பல்களுக்கு அவையே பயன்பட்டன. 1912 இல் டைட்டானிக் மூழ்கியபோது 700க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பியதற்குக் கம்பியில்லாத் தந்தியே காரணம். போசின் குற்றலைகளோ நேர்கோட்டில் செல்பவை. அவற்றை வலிமையுடன் உண்டாக்கும் வழியும் அன்று இல்லை. எனவே அவை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கவனம் பெறாமல் இருந்தன.

ஊர்திகளிலும் வானூர்திகளிலும்

இரண்டாம் உலகப் போரில் வளர்ந்த ரேடார் நுட்பம் குற்றலைகளுக்குப் புத்துயிர் அளித்தது. அன்று குறையாகக் கருதப்பட்ட இயல்புகளே பின்னர் பயனாக மாறின. அலைநீளம் குறையும்போது அலைவாங்கியும் சிறிதாகும், ஆகவே அதனை ஊர்தியில் எளிதாகப் பொருத்தலாம். அதிர்வெண் உயரும்போது அகன்ற அலைப்பட்டை கிடைப்பதால் மிகுந்த தரவுகளை அனுப்பலாம். வானூர்தியிலிருந்து செயற்கைக்கோளுக்கு இடையே தடையேதும் இல்லாததால் நேர்கோட்டுப் பயணமும் அங்கு இடையூறு ஆவதில்லை.

பயணிகளுக்கு இணையம் வழங்கும் வானூர்திகள் பெரும்பாலும் கே-யு பட்டை (12-18 கிகாஹேர்ட்ஸ்), கே-ஏ பட்டை (26.5-40 கிகாஹேர்ட்ஸ்) ஆகியவற்றின் வழியே செயற்கைக்கோளுடன் இணைகின்றன. இவ்விரண்டும் போஸ் ஆராய்ந்த எல்லைக்குள் அமைந்தவை. இந்தியாவில் வானூர்திகளிலும் கப்பல்களிலும் இத்தகைய சேவை வழங்குவதற்கான விதிகள் 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. தானுந்துகளில் மோதலைத் தவிர்க்கப் பொருத்தப்படும் ரேடார், அவ்வெல்லையைச் சற்றே தாண்டிய 76-81 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இயங்குகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்.

தாவர ஆய்வுகளும் பிற்காலமும்

1900க்குப் பின் போஸ் தாவரங்களின் பக்கம் திரும்பினார். தொட்டாற்சிணுங்கி முதலிய செடிகள் தூண்டலுக்குக் காட்டும் மின்விளைவுகளை அளந்தார். தாவர வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். 1917 இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு தம் பிறந்தநாளான நவம்பர் 30 இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920 இல் அரச கழக உறுப்பினரானார். சத்யேந்திர நாத் போஸ், மேக்நாத் சாகா ஆகியோர் அவருடைய மாணவர்கள். 1937 இல் கிரிடி நகரில் (இன்றைய சார்க்கண்டு) காலமானார்.

நிலவின் பள்ளம் ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1894-96 இல் அவர் நடத்திய மில்லிமீட்டர் அலைத் தொடர்பு ஆய்வுகளை, அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு 2012 இல் பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்தது.