பட அதிபரும் பாரதி பாட்டும்

புலவரைப் பேணியவர் புரவலர். தாம் ஈந்த பரிசில் தமக்கு மீளவேண்டும் என்று அவர் எண்ணியதில்லை. திரைப்படம் என்னும் புதிய கலை தமிழகத்தில் கால்கொண்டபோது, எழுதுவோர், பாடுவோர், ஆடுவோர் அனைவர்க்கும் பொருள் தந்து ஒருங்கு சேர்க்கும் பணி தயாரிப்பாளரிடம் வந்தது. பட அதிபர் என்பது அவருக்கு அக்காலம் சூட்டிய பெயர். கதையைத் தேர்வதும், கடன்பட்டேனும் முதல் திரட்டுவதும், இயக்குநரையும் நடிகரையும் அமர்த்துவதும், எடுத்ததைத் திரையிட்டுப் பார்த்து வேண்டாதவற்றைத் தள்ளுவதும், விநியோகஸ்தரோடு விலை பேசுவதும் அவர் கடமைகள். படம் வென்றால் புகழைப் பங்கிடப் பலர் உளர். தோற்றால் கடன் அவர் ஒருவர்க்கே. இச்சுமையை நாற்பதாண்டுக்கு மேல் தாங்கியவர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். வணிகர்க்குரிய இயல்பும் புரவலர்க்குரிய இயல்பும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று எதிர்கொண்ட இடம் ஒன்று உண்டு. கவிதையிற் பற்றுடையோர் அறியவேண்டிய இடமும் அதுவே.

காரைக்குடியில் 1907 சூலை 28ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்பனைக்கு இருந்தன. இளமையிலேயே அக்கடையில் அமர்ந்த மெய்யப்பர், எந்தப் பாட்டை மக்கள் மீண்டும் கேட்டு வாங்குகிறார்கள் என்பதை அங்கிருந்தே கற்றார். பின்னர்ச் சென்னையில் நண்பர்களோடு கூடிச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி இசைத்தட்டு வணிகத்தை விரிவாக்கினார். தட்டில் விற்ற நாடகமும் பாட்டும் திரையிலும் விலைபோகும் என்ற நம்பிக்கையே அவரைப் படத்தொழிலுக்கு அழைத்துச் சென்றது. அந்நம்பிக்கை முதலில் பொய்த்தது. கல்கத்தாவில் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’ (1935) தோல்வியுற்றது. அடுத்து வந்த ‘ரத்னாவளி’யும் கைகொடுக்கவில்லை. பிறர் இத்தொழிலை விட்டு விலகியிருப்பர். அவரோ 1938இல் ‘நந்தகுமா’ரோடு மீண்டும் வந்தார்.

அவர் இயக்குநராகவும் சில படங்களில் பணியாற்றியவர் எனினும், அவருடைய தனித்திறன் செவியில் இருந்தது எனலாம். தட்டு வணிகம் தந்த செவி அது. நடிப்பவரே பாடவேண்டும் என்றிருந்த காலத்தில், ‘நந்தகுமா’ரில் தேவகியாக நடித்தவர்க்கு லலிதா வெங்கட்ராமனின் குரலைப் பொருத்தினார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) குமாரி ருக்மணியின் பாட்டு மனநிறைவு தராமையால் பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தார். ‘ஹரிச்சந்திரா’ என்னும் கன்னடப் படத்திற்குத் தமிழ்க்குரல் கொடுத்து 1944இல் வெளியிட்டதும் அவரே. நன்றாக அமையாததை மறுபடி செய்யும் துணிவுக்குப் பணம் வேண்டும். அப்பணத்தை இழக்கும் துணிவும் வேண்டும்.

செவியைப் போலக் கண் அவர்க்கு எப்போதும் உதவியதாகச் சொல்ல இயலாது. ‘பராசக்தி’யின் (1952) தொடக்கக் காட்சிகளில் புதுமுகமான கணேசனின் மெலிந்த தோற்றம் கண்டு அவரை மாற்றிவிட விரும்பினார். உடன் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் இணங்கவில்லை. பெருமாளின் பிடிவாதம் தமிழுக்குச் சிவாஜி கணேசனைத் தந்தது. மெய்யப்பரைப் பாராட்டுவோர் இதனை விரைந்து கடந்துவிடுவர். ஆயினும் பெருமாளின் தீர்ப்புக்கு இடம் கொடுத்து, முன்னெடுத்த காட்சிகளை மீண்டும் எடுக்கச் செய்ததும் பட அதிபரின் பொறுப்பறிந்த செயலே.

இனிப் பாரதியின் பாட்டுக்கு வருவோம். தம் நூல்கள் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல வீடுதோறும் விற்கவேண்டும் என்று அவாவியவர் பாரதி. அந்த அவா நிறைவேறாமலே 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை, சுராஜ்மல் நிறுவனத்தின் ஜெசிங்லால் மேத்தாவிடம் 1930களில் சென்றது. அவரிடமிருந்து 1946 அளவில் மெய்யப்பர் அதனை விலைகொடுத்து வாங்கினார். போர்க்காலத்து இடர்ப்பாடுகளால் சென்னையை விட்டுக் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளில் படப்பிடிப்பு நிலையம் அமைத்திருந்த காலம் அது. ப. நீலகண்டனின் நாடகம் ஒன்று அங்கே ‘நாம் இருவர்’ என்னும் படமாயிற்று. டி. கே. பட்டம்மாள் பாரதியைப் பாட, குமாரி கமலா ஆடினார். படம் வெளிவந்தது 1947 சனவரியில். விடுதலைக்கு ஏழு திங்கள் முன்னர். விடுதலை வந்துற்றதாகவே நெஞ்சில் கண்டு பாரதி பாடிய பாட்டு, அது வருமுன்னரே தமிழகத்துக் கொட்டகைகளில் ஒலித்தது. எழுத்தறியாதாரும் பாரதியைப் பாடத் தொடங்கினர். பாரதி அவாவியதை ஒரு வணிகர் நிறைவேற்றினார் என்பதில் ஐயமில்லை.

ஆனால், பரப்பியவர் கையிலேயே பூட்டும் இருந்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதியின் காதற்பாட்டு ஒன்று இடம்பெற்றபோது, தம் உரிமை மீறப்பட்டதென மெய்யப்பர் சட்ட வழியை நாடினார். வாங்கிய பொருளைக் காப்பது வணிக நெறி. அவ்வகையில் அவர் செய்ததில் முறைகேடு இல்லை. எனினும், நாட்டுக்கென்று பாடிய கவிஞனின் பாட்டைப் பாட ஒருவரிடம் இசைவு கேட்டு நிற்கவேண்டுமா என்னும் வினா எழுந்தது. அவ்வை டி. கே. சண்முகம் இதனை ஏற்க மறுத்தார். பாரதியைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று முன்னரே எழுந்திருந்த குரல் இப்பூசலால் வலுப்பெற்றது. வ. ரா., ப. ஜீவானந்தம், நாரண. துரைக்கண்ணன் முதலியோர் அதனை இயக்கமாக்கினர். நெல்லைக்குச் சென்று செல்லம்மாள் பாரதியைக் கண்டு இசைவும் பெறப்பட்டது.

அரசுப் பொறுப்பில் அப்போது இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவர் அரசு உரிமையைக் கேட்டபோது, மெய்யப்பர் தம்மிடமிருந்ததை விலை எதுவும் பெறாமல் ஒப்படைத்தார். 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம், பாரதி நூல்களின் உரிமையை அரசு ஏற்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். 1950களின் நடுவில் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. மெய்யப்பர் தாமாகக் கொடுத்தாரா, காலத்தின் நெருக்குதலால் கொடுத்தாரா என்று இன்றும் வாதிடுவோர் உளர். நெருக்குதல் இருந்தது உண்மை. விலை கேட்டிருந்தால் அரசு மறுத்திருக்க இயலாது என்பதும் உண்மை. அவர் கேட்கவில்லை.

கோடம்பாக்கத்துக்கு 1948இல் திரும்பிய அவருடைய நிலையம் அதன்பின் ‘வாழ்க்கை’யில் (1949) வைஜயந்திமாலாவையும், ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) சிறுவன் கமல்ஹாசனையும் அறிமுகம் செய்தது. பாட்டால் வளர்ந்த அந்நிறுவனமே பாட்டு ஒன்றுகூட இல்லாத ‘அந்த நா’ளையும் (1954) எடுத்தது வியப்புக்குரியது. 1979 ஆகஸ்டு 12ஆம் நாள் மெய்யப்பர் மறைந்தார்.

‘நாம் இருவ’ரில் நடித்தவருள் ஒருவர் பி. ஆர். பந்துலு. பின்னாளில் அவரும் பட அதிபரானார். 1961இல் வ. உ. சிதம்பரனாரின் வரலாற்றைக் ‘கப்பலோட்டிய தமிழ’னாக எடுத்தபோது, பாரதியின் பாடல்களையே அதில் அமைத்தார். வெளியான நாளில் படம் அவர்க்கு இழப்பையே தந்தது. ஆனால் பாட்டுக்காக எவரிடமும் இசைவு கேட்கவோ, காசு கொடுக்கவோ அவர்க்கு நேரவில்லை.