விழியிலார்க்கு வழிதந்த அம்மையார்

நாயைப் பற்றி எழுதப் புகுந்த பண்டிதனைக் கண்டு வாசகர் சிலர் நகைத்தல் கூடும். நம் இலக்கியத்தில் நாய் இருவேறு நிலையிற் பேசப்படுகின்றது. அடியார்கள் தம்மைத் தாழ்த்திக் கூறுமிடத்து நாயையே உவமையாக எடுத்தனர். நாலடியாரோ நட்பிற்கு யானை அனையாரை விலக்கி நாய் அனையாரைக் கொள்ளுமாறு அறிவுறுத்திற்று. இவ்விரண்டையும் ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்துவந்த யான், நாயொன்று மனிதன் ஒருவனுக்கு அவன் இழந்த மானத்தையே மீட்டுக்கொடுத்த வரலாற்றை அறிந்தது மிகப் பிந்தியேயாம். அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் டொறதி ஹரிசன் யூஸ்ரிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியார்.

இவர் 1886 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிற் பிறந்தார். தந்தையார் சார்ள்ஸ் ஹரிசன் சீனி சுத்திகரிக்கும் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டியவர். பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியை 1894 முதல் 1910 வரை வகித்தவர். செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த அக்குடியிற் பிறந்த டொறதி அம்மையார், 1906 இல் வோல்ரர் வூட் என்பவரை மணந்து நியூயோர்க் மாநிலத்து ஊரொன்றிற் குடியேறினார். ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். 1915 இற் கணவர் இறந்தார். இருபத்தொன்பது வயதிற் கைம்மையுற்ற அவர் இல்லத்தில் ஜேர்மன் மேய்ப்பு நாய் ஒன்று இருந்தது. ஹான்ஸ் என்பது அதன் பெயர். அதன் மதிநுட்பத்தைக் கண்டு அம்மையார் வியந்தார்; வியந்ததோடு அமையாது ஆராயவும் தொடங்கினார். வளர்ப்போர் நாயின் அழகையே நாடி இனம் பெருக்கியதால், வேலைசெய்யும் அறிவு அவ்வினத்திற் குன்றிவருகின்றதென்பது அவருக்குப் புலனாயிற்று. அழகிற்கன்றி அறிவிற்காகவே நாய்களைத் தேர்ந்து வளர்த்தல் வேண்டுமென உறுதி பூண்டார்.

அந்நோக்கத்தோடு சுவிற்சர்லாந்திற்குச் சென்று, வெவே என்னும் ஏரிக்கரை நகரின் மேலே மோன் பெலரின் மலைச்சாரலில் நாய்ப் பண்ணை ஒன்றை அமைத்தார். 1923 இல் ஜோர்ஜ் யூஸ்ரிஸ் என்பாரை மணந்தார். அம்மணம் 1928 இல் முறிந்தது. எனினும் அப்பெயரே அவருக்கு நிலைத்தது. எலியற் ஹம்பிரி என்னும் விலங்குப் பயிற்சியாளர் பண்ணையிற் சேர்ந்தார். அவர் வந்தபின் பணி சிறந்தது. சுவிஸ் இராணுவத்திற்கும் பொலிசாருக்கும் அங்கிருந்து நாய்கள் சென்றன. இவ்வளவில் அவர் வாழ்வு முடிந்திருப்பின், நல்ல நாய் வளர்த்த செல்வச் சீமாட்டி என்பதற்குமேல் எவரும் அவரை நினைந்திரார்.

விழிப்புலனற்றோருக்கு நாய் துணையாதல் புதிதன்று. வியன்னா நகரில் விழிப்புலனற்றோர் பள்ளியை நிறுவிய ஜோஹன் வில்ஹெல்ம் கிளைன் என்பார் 1819 இல் வெளியிட்ட நூலில், நாயின் கழுத்துப்பட்டையோடு விறைப்பான கோல் ஒன்றைப் பிணைத்துப் பயிற்றும் முறையை விளக்கியிருக்கின்றார். நூறாண்டளவாக அம்முறையை எவரும் பொருட்படுத்தவில்லை. நல்ல நூல்கள் பலவற்றிற்கு நேரும் கதிதான் அது. முதலாம் உலகப் பெரும்போரிற் குண்டாலும் நச்சுப் புகையாலும் ஜேர்மனியப் போர்வீரர் பலர் கண்ணிழந்தமையே நாட்டாரை விழிப்பித்தது. 1916 இல் ஒல்டன்பேர்க் நகரில் இத்தகைய நாய்களைப் பழக்கும் பள்ளி தோன்றியது. பின்னர் பேர்லினை அடுத்த பொட்ஸ்டாமிலும் ஒன்று எழுந்தது. 1927 இல் யூஸ்ரிஸ் அம்மையார் அப்பள்ளியைக் கண்டார்.

அங்கே அவர் கண்டது நாயின் வித்தையையன்று. தயங்கித் தடவி நடந்த மனிதன், நாயின் கைப்பிடியைப் பற்றிய அளவில் நிமிர்ந்து விரைந்து நடந்ததையே கண்டார். அக்காலத்தில் அமெரிக்க வார இதழொன்று அவரது பண்ணை பற்றிக் கட்டுரை வேண்டியிருந்தது. அவர் தம் பண்ணையை விடுத்துப் பொட்ஸ்டாம் பள்ளியைப் பற்றியே எழுதினார். விவிலியத்து நீதிமொழிகள் என்னும் பகுதியிலிருந்து காணுங் கண் என்னும் பொருள்பட்ட தலைப்பை எடுத்தார். 1927 நவம்பர் 5 ஆம் நாளிதழில் அக்கட்டுரை வெளிவந்தது. தம் பெருமையைப் பேசக் கிடைத்த இடத்திற் பிறர் பணியைப் பேசிய பண்பை யான் மிக மதிக்கின்றேன். எழுதுவோர் பலர்க்கு இஃது எளிதன்று.

ரெனசி மாநிலத்து நாஷ்வில் நகரில் மொறிஸ் பிராங் என்னும் இளைஞர் வாழ்ந்தார். சிறுவயதிற் கண்ணற்ற தம் தாய்க்கு அவரே வழிகாட்டி. ஆறு வயதிற் குதிரைமேற் சென்றபோது மரக்கிளை தாக்கி ஒரு கண் போயிற்று. பதினாறு வயதிற் குத்துச்சண்டையில் மற்றைக் கண்ணும் போயிற்று. பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டே காப்புறுதி விற்றுவந்த அவர், கூலிக்கு அமர்த்திய பையன் ஒருவன் கைபற்றியே எங்குஞ் செல்லவேண்டியிருந்தது. பையன் வாராத நாளில் வீட்டிற் கிடக்கவேண்டும். வந்த நாளிலோ அவன் மனம்போன போக்கில் இழுபடவேண்டும். அக்கட்டுரையைத் தந்தையார் படித்துக்காட்டக் கேட்டதும், அவர் அம்மையாருக்கு மடல் எழுதினார். தனக்கு ஒரு நாய் வேண்டுமென்பதோடு அம்மடல் நிற்கவில்லை. தன்னைப் பயிற்றினால், அக்கலையைத் தாய்நாட்டிற்குக் கொண்டுவந்து தன்போன்றார் பலர்க்கும் உதவுவதாக உறுதியளித்தது.

அம்மையாருக்கு இடர்ப்பாடு ஒன்றிருந்தது. அவர் பண்ணையில் அதுவரை விழிப்புலனற்றோருக்காக ஒரு நாயேனும் பழக்கப்படவில்லை. தாம் எழுதியதையே செய்துகாட்டுமாறு உலகம் அழைத்ததுபோலாயிற்று. அவர் பின்வாங்கவில்லை. ஹம்பிரி பொட்ஸ்டாம் முறையைக் கற்று, நாய்களைப் பழக்கினார். பிராங் 1928 வசந்தகாலத்திற் கடல்கடந்தார். அப்பயணம் எத்தகையது? கண்ணற்றவர் தனித்துச் செல்லலாகாதென, பொதிகளை அனுப்பும் நிறுவனமொன்றின் பொறுப்பில், கையெழுத்திட்டு ஒப்படைக்கும் பண்டம்போலவே அவர் அனுப்பப்பட்டார்.

மலையில் அவருக்கு அளிக்கப்பட்ட பெண்ணாய்க்குக் கிஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் முத்தத்தைக் குறிக்குமாதலின், தெருவில் அப்பெயர் சொல்லி அழைக்க நாணிய இளைஞர் பட்டி என மாற்றினார். தோழன் என்பது அதன் பொருள். கேடுதரும் பொருள்கொண்ட நம் பட்டி என்னுஞ் சொல்லை நினைந்து தமிழ் வாசகர் மருளவேண்டா.

பயிற்சியைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். இங்கேதான் பலரும் மயங்குகின்றனர். நாய் வழியறிந்து அழைத்துச் செல்வதாக எண்ணுகின்றோம். உண்மை அஃதன்று. எங்கே போகவேண்டுமென்பது நாய்க்குத் தெரியாது. வழி மனிதனின் உள்ளத்தில் இருத்தல் வேண்டும். எத்தனையாவது சந்தியில் எப்பக்கந் திரும்புவதென்று அவனே கணக்கிட்டு, முன்னே, வலம், இடம் என ஏவவேண்டும். வீதி விளக்கின் நிறம் பார்த்து நாய் கடப்பதும் இல்லை. வண்டிகளின் ஓசையைச் செவியால் ஓர்ந்து காலமறிந்து ஆணையிடுதல் மனிதன் கடமை. நடைபாதையின் விளிம்பில் நிற்பதும், குழியையும் தூணையும் விலக்கிச் செல்வதும், தன்தலைக்கு எட்டாத மரக்கிளை தன் தலைவன் நெற்றியிற் படுமென உணர்ந்து ஒதுங்குவதும் நாயின் கடமை. இவையனைத்தினும் அரியது ஒன்றுண்டு. ஏவிய வழியில் இடர் இருப்பின் நாய் ஏவலை மீறல் வேண்டும். கீழ்ப்படியப் பழக்கிய விலங்கிற்குக் கீழ்ப்படியாமையையும் உரிய இடத்திற் கற்பித்தல் எத்துணைக் கடினம்! அவ்வாறு நாய் மீறும்போது சினவாது நின்று, அதன் சொல்லாச் சொல்லைக் கேட்டல் மனிதனுக்கும் கடினமே.

ஆதலால் நாயைப் பயிற்றுவதினும் மனிதனைப் பயிற்றுவதே பெரும்பணியாயிற்று. இடக்கையிற் பற்றிய விறைத்த கைப்பிடி வழியாக நாயின் ஒவ்வோர் அசைவையும் பிராங் உணரக் கற்றார். உணவூட்டல், உரோமம் வாருதல், குரலாற் பாராட்டல், தவறின் திருத்தல் ஆகிய யாவற்றையும் அவரே செய்தார். பழக்கிய ஹம்பிரியிடத்திருந்த அன்பு அங்ஙனமே புதிய தலைவனிடம் வந்தெய்தும். மலைத்தொடருந்தில் இறங்கி வெவே நகர வீதிகளில் நாளும் நடந்தனர். நாய் தந்த குறிப்பைத் தவறவிட்டு அவர் இடறினால், ஹம்பிரி ஓடிவந்து தாங்குவதில்லை. ஒருநாள் முடிவெட்டிக்கொள்ள விரும்பிய பிராங் தம்மை எவரேனும் அழைத்துச் செல்வரென எதிர்பார்த்தார். நாய் இருக்கின்றதே, தனியே போகலாமே என்பதுதான் கிடைத்த விடை. சென்றார், முடிவெட்டினார், மீண்டார். ஊரிலே முடிதிருத்தும் கடையில் தம்மை அழைத்துப்போக ஒருவர் வரும்வரை நெடுநேரங் காத்துக்கிடந்தவர் அவர். அந்தச் சிறு செயலே தமக்கு விடுதலையின் சுவையை உணர்த்தியதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பில் விழிப்புலனற்ற மாணவன் ஒருவன் இருந்தான். யாப்பில் அவனுக்கிணை எவருமில்லை. பாடம் முடிந்ததும் யானே அவன் மணிக்கட்டைப் பற்றிப் படிகளில் இறக்கி வாயில்வரை நடத்திச் செல்வேன். அது பெருந்தொண்டென்று எனக்கு நினைப்பு. ஓராண்டு கழிந்தபின் ஒருநாள் அவன் மிகுந்த தயக்கத்தோடு, தன் கையை யான் பற்றவேண்டா, என் முழங்கையைத் தான் பற்றிக்கொள்ள விடுமாறு வேண்டினான். அப்போது எனக்குச் சினமே வந்தது. இழுக்கப்படுவதற்கும் தொடர்வதற்கும் உள்ள வேறுபாட்டை, ஆசிரியத் தொழிலில் நரைத்த யான், பிராங் வரலாற்றைப் படித்த இரவிலேதான் உணர்ந்தேன். அம்மாணவனுக்கு அன்றிரவே மடல் எழுதினேன்.

1928 யூன் மாதத்தில் பிராங்கும் பட்டியும் நியூயோர்க்கில் இறங்கினர். செய்தியாளர் சூழ்ந்துகொண்டு, துறைமுகத்தை அடுத்த அகன்ற வீதியொன்றைக் கடந்துகாட்டுமாறு அறைகூவினர். பாரவண்டிகள் இடைவிடாது இரைந்தோடும் வீதி அது. சில நிமிடப் பொழுதே ஆயினும், திசையும் தெரியாது நாய் ஒன்றையே நம்பி நடந்த அந்நிமிடங்கள் அவர்க்கு ஊழிபோல் நீண்டிருக்கும். நாய் நின்றது, பின்வாங்கியது, விரைந்தது, அப்பால் அடைந்தனர். மலையிலிருந்த அம்மையாருக்கு வெற்றி எனப் பொருள்படும் ஒரே சொல்லைத் தந்தியாக அனுப்பினார் பிராங்.

1929 சனவரி 29 இல் நாஷ்வில் நகரிற் காணுங் கண் என்னும் அப்பெயராலேயே பள்ளி நிறுவப்பட்டது. அடுத்த மாதம் கூடிய முதல் வகுப்பில் மாணவர் இருவரே. வெப்பம் மிகுந்த தென்னாட்டில் நாய்கள் துன்புறவே, 1931 இல் நியூ ஜேர்சி மாநிலத்திற்குப் பள்ளி பெயர்ந்தது. அம்மையாரே தலைவர், தம் செல்வத்தை அதற்கே சொரிந்தார். நாய்கள் எளிதிற் பழகின. பழக்குநர் கிடைப்பதே அரிதாயிற்று. நாய் பயிற்றுவதில் வல்லவர் பலர், மனிதனைப் பயிற்றுமிடத்துப் பொறுமையிழந்தனர். தேறியவர், தம் கண்களைக் கட்டிக்கொண்டு நாயோடு வீதியில் நடந்து, மாணவனின் அச்சத்தைத் தாமும் உணர்ந்தவரே.

எதிர்ப்பும் இருந்தது. நாயைப் பிடித்துச் செல்லும் கண்ணற்றவர் என்றதும் தெருவோர இரவலன் தோற்றமே பலர் மனத்தில் எழுந்தது. தொடருந்துகளும் விடுதிகளும் உணவகங்களும் நாயை மறுத்தன. பிராங் ஊர் ஊராய்ச் சென்று போராடினார். 1935 அளவில் அமெரிக்கத் தொடருந்து நிறுவனங்கள் இணங்கின. 1956 அளவில் மாநிலங்கள் அனைத்தும் சட்டம் இயற்றின.

அம்மையார் வகுத்த நெறியில் எனக்கு மிகப் பிடித்தது கட்டணம் பற்றியது. மாணவர் எவரும் நாயை இனாமாகப் பெறலாகாது. 1934 முதல் நாய்க்கு 150 டொலர் என விதிக்கப்பட்டது. பயிற்சிக்கான உண்மைச் செலவு அதனினும் பன்மடங்கு. ஆயினும், கட்டும் தொகை சிறிதேனும், தவணையிற் கட்டினும், நாய் தன்னுடையதென்று மாணவன் சொல்லக்கூடும். பொருள் திரட்டும்போதும் விழிப்புலனற்றோரின் துயரைக் காட்டிப் பிறர் கண்ணீரைத் தூண்டுவதை அம்மையார் விரும்பியதில்லை.

இங்கிலாந்தில் முரியல் குறூக், றொசமண்ட் பொண்ட் என்னும் பெண்மணிகள் இருவர் இதனை அறிந்து அம்மையாரை நாடினர். அவர் தம் பயிற்சியாளர் ஒருவரை அனுப்பி உதவினார். 1931 இல் வோலசி என்னும் ஊரில் நால்வர் நாய்களோடு பயிற்சி முடித்தனர். அதுவே அந்நாட்டு இயக்கத்தின் வித்து.

பட்டி 1938 இல் இறந்தது. பிராங் அதன்பின் வைத்திருந்த நாய் ஒவ்வொன்றிற்கும் அப்பெயரையே இட்டார். 1942 முதல் நியூ ஜேர்சிச் சிறுவர் சிறுமியர், ஊதியம் எதுவுமின்றி, பள்ளியின் குட்டிகளை ஓராண்டளவு தம் வீட்டில் வளர்த்து, பழகிய அன்பைப் பிரிந்து திருப்பிக் கொடுக்கும் வழக்கம் தொடங்கிற்று. வீட்டுப்பாடத்தையே முணுமுணுத்துச் செய்யும் வயதினர் அவர்கள்.

டொறதி அம்மையார் 1946 செப்டெம்பர் மாதத்தில், அறுபதாம் வயதில், நியூயோர்க்கிற் காலமானார். பிராங் 1980 வரை வாழ்ந்தார். 2005 இல் மொறிஸ்ரவுண் நகரப் பூங்காவில் பிராங்கிற்கும் பட்டிக்கும் வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. 2011 இல் அமெரிக்கப் புகழ்பெற்ற பெண்டிர் மண்டபத்தில் அம்மையாரின் பெயர் சேர்க்கப்பட்டது. முதல் நாய்க்குரிய கட்டணமாக 1934 இல் விதித்த 150 டொலரைத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் பள்ளி உயர்த்தவில்லை.