பெயரறியாக் கைகளைப் போற்றிய தினகர் கேல்கர்

புனா நகரத்தில், சுக்கிரவாரப் பேட்டையில், பாஜிராவ் சாலையை ஒட்டி ஒரு மூன்றடுக்குக் காட்சிசாலை உளது. ராஜா தினகர் கேல்கர் காட்சிசாலை என்பது அதன் பெயர். பெயரை மட்டும் கேட்பார், யாரோ ஒரு சிற்றரசர் தம் அரண்மனைச் செல்வத்தை அங்கே அடுக்கி வைத்தனர் போலும் என எண்ணக்கூடும். உண்மை அஃதன்று. மராட்டியர் வழக்கில் முதலில் தன் பெயரும், அடுத்துத் தந்தை பெயரும், இறுதியிற் குடிப்பெயரும் வரும். ராஜா என்பவன் இளமையிலேயே மாண்டுபோன ஒரு சிறுவன். தினகர் அவன் தந்தையார். அரசர் எவரும் இக்கதையில் இல்லை. உள்ளவர் ஒரு கடைக்காரர், அவர்தம் மனைவியார், மறைந்த மைந்தன், பெயர் தெரியாத பல்லாயிரம் கைவினையாளர். இந்நால்வகையினரின் வரலாறே தினகர் கங்காதர் கேல்கரின் வரலாறாம்.

கேல்கர் 1896-ஆம் ஆண்டு பிறந்தவர். குடும்பத்தார் நடத்திவந்த மூக்குக்கண்ணாடிக் கடையே அவருக்குப் பிழைப்பு. மனமோ கவிதையில் இருந்தது. மராட்டி மொழியிற் பாடல்கள் இயற்றினார். அவற்றைத் தம் இயற்பெயரால் வெளியிடாது அஞ்ஞாதவாசி என்னும் புனைபெயரால் வெளியிட்டார். யாரும் அறியாமல் வாழ்பவன் என்பது அதன் பொருள். தம் பெயரை மறைத்துக்கொண்ட இவர், பிற்காலத்தில் பெயர் மறைந்த பிறரைத் தேடியலைந்தார் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

1920-ஆம் ஆண்டையொட்டி அவர் பழம்பொருள் சேர்க்கத் தொடங்கினார். அக்காலத்தின் நிலை யாதெனில், நம் நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் விளக்கு வந்தது. எண்ணெய் விளக்கு பரணுக்கு ஏறியது. மின்விளக்கு வந்தது, பரணில் இருந்தது எடைக்குப் போயிற்று. பித்தளையைப் பழைய பாத்திரக்காரன் தராசில் நிறுத்து வாங்குவான். அதில் அமைந்த மயிலுக்கும் கிளிக்கும் அவன் காசு தருவதில்லை. வாங்கிய பொருள் உலைக்குச் சென்று உருகும். வாடா எனப்படும் பழைய மராட்டிய மாளிகைகள் இடிபட்டபோது, சித்திர வேலைப்பாடமைந்த கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் அடுப்பே கதியாயிற்று.

செல்வர் பலர் அந்நாளிலும் கலைப்பொருள் சேர்த்தனர். ஆயின் அவர் தேடியவை அரசர் அணிந்தவை, பொன்னாலானவை, புகழ்பெற்றோர் தீட்டியவை. கேல்கர் அவ்வாறன்றிச் சமையலறையையும் திண்ணையையும் குளியலறையையும் நோக்கினார். பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி, மைக்கூடு, சீப்பு, பூட்டு, தூக்குவிளக்கு, அடுக்களைக் கலங்கள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள், இசைக்கருவிகள், கதவு, சன்னல் எனப் பிறர் கண்ணில் பொருளாகவே படாத பொருள்களை, இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்று திரட்டினார். மனைவியார் கமலாபாய் அம்மையார் இப்பணியில் அவருக்குத் துணை நின்றார். ஒரு கடையின் வருவாயில் வாழும் குடும்பத்தில், கணவர் பழைய விளக்கொன்றுடன் வீடு திரும்புங்கால் முகங்கோணாத இல்லாளின் பங்கு எத்துணைப் பெரிதென்பதை இல்லறத்தார் அறிவர்.

இவ்விருவருக்கும் ராஜா ஒருவனே மைந்தன். அவன் சிறு வயதிலேயே இறந்தான். இறந்த மகவைத் தோளிற் சுமந்து, மரணம் அறியாத வீட்டிற் கடுகு பெற அலைந்த கிசாகோதமியின் வரலாறு நம் அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. வீடு வீடாகச் சென்று அவள் கற்றது, துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்பது. கேல்கரும் வீடு வீடாகச் சென்றார். இன்னொரு வீட்டுக் கிழவி ஏற்றிய விளக்கையும், இன்னொரு வீட்டுக் குழந்தை உருட்டிய பொம்மையையும் கையிலேந்தித் திரும்பினார். பிறர் வீட்டு நினைவுகளையெல்லாம் காத்து, அவை அனைத்திற்கும் தம் மைந்தன் பெயரைச் சூட்டினார். பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளும் அவா இதில் யாண்டுளது?

இனி அப்பொருள்களைச் சற்று நெருங்கிக் காண்போம். பாக்குவெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் வேலை கடினமானது: வன்பாக்கை நொடியிற் பிளத்தல் வேண்டும். அதற்கு அலகு கூர்மையாதலும், மூட்டு அழுத்தத்தைத் தாங்குதலும், பிடி கையை உறுத்தாதிருத்தலும் வேண்டும். இம்மூன்றிலும் பிழை நேராதபடி, கொல்லன் அதனைக் கிளியாகவும் குதிரையாகவும் ஆணும் பெண்ணுமாகவும் ஆக்கியிருக்கின்றான். வஜ்ரி எனப்படும் பாதந்தேய்க்கும் கருவி மற்றொன்று. அடிப்பாகம் சொரசொரப்பாயிருக்கும், குதிகாலின் அழுக்கைத் தேய்ப்பது அதன் தொழில். மேற்பாகமோ பறவையாகவும் விலங்காகவும் அழகுற அமைந்திருக்கும். உடலிற் கடைப்பட்டதெனக் கருதப்படும் காலின் அழுக்கைப் போக்கும் கருவிக்கும் ஓர் அழகு வேண்டுமென ஒரு கன்னான் எண்ணினானே, அவ்வெண்ணம் அன்றோ நாகரிகம்!

விளக்குகளின் பெருமை இன்னும் சிறந்தது. மெழுகு வார்ப்பு முறையிற் செய்யப்படும் விளக்கிற்கு முதலில் மெழுகால் உருவம் சமைப்பர். அதன்மேல் களிமண் பூசிக் காயவைத்துச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளிப்போந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் மண் அச்சை உடைப்பர். அச்சு உடைபடுதலின், அதே அச்சிலிருந்து மறுவிளக்கு வாராது. ஆதலின் ஒன்றுபோல் ஒன்று முற்றும் அமைதல் அரிது. நாம் பல ஆண்டுகள் ஆலையில் இயந்திரத்தின்முன் நின்று வயிறு வளர்த்தவர். ஆயிரம் கஜம் துணி ஒரே சீராக வெளிவரும். அதில் எவன் கை பட்டது என்பதற்கு அடையாளம் இராது. இருந்தால் அது குறையெனத் தள்ளப்படும். கைவார்ப்பு விளக்கிலோ கையின் அடையாளமே சிறப்பு. இவ்வேற்றுமையை ஆலைத் தொழிலாளர் எளிதில் உணர்வர்.

கேல்கர் காத்தவற்றுள் பெரியது ஒரு மாளிகையின் பகுதியாம். பேஷ்வா முதலாம் பாஜிராவ் தம் அன்பிற்குரிய மஸ்தானிக்குப் புனாவையடுத்த கோத்ரூட்டில் ஒரு மாளிகை கட்டுவித்தார். மஸ்தானியை அக்குடும்பத்தார் ஏற்றுக்கொள்ளவில்லை. 1740-ஆம் ஆண்டில் பாஜிராவும் மஸ்தானியும் ஒருவரையடுத்து ஒருவர் மறைந்தனர். காலப்போக்கில் மாளிகையும் சிதைந்தது. எஞ்சிய பகுதிகளைக் கேல்கர் கொணர்ந்து காட்சிசாலையிலே மீண்டும் அமைத்தார். உயர்ந்தோர் எனப்பட்டோர் புறந்தள்ளிய ஒரு பெண்ணின் இருப்பிடத்திற்கு, இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு கடைக்காரர் வீட்டில் இடங்கிடைத்தது.

1960-ஆம் ஆண்டளவில் அவர் சேர்த்த பொருள்கள் சுமார் 15,000 ஆயின. அடுத்த ஆண்டு, 1961 ஜூலை 12-ஆம் நாள், பான்ஷேத் அணை உடைந்து, கடக்வாஸ்லா அணையும் உடைபட்டு, முட்டா நதியின் வெள்ளம் புனா நகரினுட் புகுந்தது. பழைய வீடுகள் பல ஒரே நாளில் அழிந்தன. தலைமுறைகள் சேர்த்தது ஒரு பகற்பொழுதிற் போகும் என்பதை அந்நகரம் கண்ணாற் கண்டது. அதற்கடுத்த 1962-ஆம் ஆண்டில் காட்சிசாலை முறைப்படி நிறுவப்பெற்றது. 1975-ஆம் ஆண்டில் கேல்கர் தம் சேர்க்கை முழுவதையும் மகாராஷ்டிர அரசினரிடம் ஒப்புவித்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அவ்வண்ணம் பொதுமக்கள் உடைமையாயிற்று. சேர்த்தல் எளிது, கொடுத்தல் அரிது. சேர்த்ததன் அருமை அறிந்தவன் கொடுப்பது அதனினும் அரிது. 1990-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அவருடைய கை வெறுங்கையே, காட்சிசாலையோ நிறைந்திருந்தது. இன்று அதில் 20,000-க்கு மேற்பட்ட பொருள்கள் உள. சுமார் 2,500 மட்டுமே காட்சியில் வைக்கப்படுகின்றன.

இவ்வெண்ணம் கேல்கர் ஒருவருக்கே தோன்றியதன்று. ஜப்பான் தேசத்தில் யானகி முனேயோஷி என்பார், பௌத்த ஞானத்தில் ஈடுபாடுடையவர், பெயரறியாத குயவரும் நெசவாளரும் ஆக்கிய எளிய பொருள்களின் அழகைப் போற்றி, 1936-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் மக்கள் கைவினைக் காட்சிசாலையைத் திறந்தார். நம் நாட்டிலே ஆமதாபாத் நகரில், 1981-ஆம் ஆண்டில், பாத்திரங்களுக்கெனவே ஒரு காட்சிசாலை ஏற்பட்டது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்திரா, தென்னாட்டு வீடுகளையே பெயர்த்துவந்து நிறுத்தியிருக்கின்றது. நாடு வேறு, காலம் வேறு, நோக்கம் ஒன்றே.

நிற்க. இக்காட்சிசாலையைப் பற்றிச் சிந்திக்குங்கால் இரு குறைகள் நம் நெஞ்சை உறுத்துகின்றன. அவை கேல்கரின் குறைகள் அல்ல. நம் சமுதாயத்தின் குறைகள். முதலாவது, எஞ்சியவை பெரும்பாலும் உலோகமும் வன்மரமும் ஆகும். ஏழையின் மண்சட்டி உடைந்தது. மூங்கிற் கூடை மக்கியது. பனையோலைப் பெட்டி செல்லுக்கு இரையாயிற்று. வறியோர் வீட்டிலும் அழகு இருந்தது. அவ்வழகு குடியிருந்த பொருள் நிலைக்கவில்லை. ஆதலின் காட்சிசாலையிற் காணாதது இல்லாதது என முடிவு கட்டுதல் தவறாம்.

இரண்டாவது, பெயரின்மை. அவ்விளக்கை வார்த்தவன் யார்? அக்கதவைச் செதுக்கியவன் எவ்வூரான்? விடை இல்லை. உடைமையாளன் பெயர் ஒரோவழி நிற்கின்றது. செய்தவன் பெயர் நிற்பதில்லை. உழைக்கும் கையைத் தாழ்ந்ததெனப் பிறப்பாற் பிரித்துவைத்த நாட்டில், அக்கையின் பெயரை எவர் எழுதுவர்?

ஆயினும் எக்காலத்தும் இந்நாடு அங்ஙனமே இருந்ததன்று. புனாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், மும்பை செல்லும் வழியில், கார்லே மலைமேற் பௌத்தக் குகை ஒன்று உளது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் பாறையைக் குடைந்து ஆக்கப்பெற்ற அச்சைத்தியத்தின் முகப்பில், பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு காணப்படுகின்றது. தேனுகாகடம் என்னும் ஊரினன், வேணுவாசனின் மகன், சாமி என்னும் தச்சன், அம்முகப்பை ஆக்கினான் என அது தெரிவிக்கின்றது. தச்சன் பெயர், அவன் தந்தை பெயர், அவன் ஊர், அவன் செய்த வேலை. நான்கும் கல்லில் உள. சங்கத்தார் வாழ்ந்த அவ்விடத்தில், வணிகரும் துறவியரும் தம் கொடையைப் பொறித்த அதே பாறையில், தச்சனும் தன் பெயரைப் பொறிக்க இடம் பெற்றான். அப்பெருமைக்கும், பெயரற்ற ஆயிரம் விளக்குகளுக்கும் இடையே உள்ள தூரம் 60 கிலோமீட்டர் மட்டுமன்று என்பதை அன்பர்கள் சிந்திப்பாராக.

கேல்கர் பொருள்களைக் காத்தார். பெயர்களைக் காக்கும் கடன் நமக்கு உளது. நம்மிற் பலருடைய முன்னோர் நெய்தவர், முடைந்தவர், வனைந்தவர், தோல் பதனிட்டவர், கல் உடைத்தவர். நம் வீடுகளில் பாட்டி வைத்திருந்த முறம் ஒன்று, உரல் ஒன்று, அரிவாள்மணை ஒன்று, மாமன் கைவேலையான மரப்பெட்டி ஒன்று இன்னும் இருத்தல் கூடும். பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை, மூன்றடுக்குக் கட்டடமும் வேண்டுவதில்லை. அப்பொருளை எடைக்குப் போடுமுன், வீட்டிலுள்ள முதியோரை அணுகி, இதனைச் செய்தவர் யார், எந்த ஊரினர், எந்த ஆண்டில் என வினவுவோம். அவர் கூறுவதை ஒரு தாளில் எழுதி, அப்பொருளோடு சேர்த்து வைப்போம். நாளை நம் பிள்ளைகள் அதனை எடுத்து நோக்குங்கால், பொருளோடு ஒரு மனிதனின் பெயரையும் படிப்பார்களாக.