கலைவாணரின் ஈகையும் இல்லறத்தாரின் பொருள் வரையறையும்



கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூரைச் சார்ந்த வட்டத்தின் தலைமையிடமான உத்தமபாளையத்தில் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பெற்ற பாறை இருப்பதை நம்மவர் பலர் அறிவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்திருமேனிகளைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி அடிகளின் பெயரும் அவற்றுள் ஒன்று. கொடுத்த பொருள் என்றோ கரைந்துபோயிற்று. கொடையால் எழுந்தது மட்டும் நிலைத்திருக்கின்றது.

இப்பள்ளத்தாக்கு புகழுடைய கலைஞரையும் நன்கறியும். 1962-ல் தேனித் தொகுதி மக்கள் நடிகர் எஸ்.எஸ்.இராஜேந்திரனையும், 1984-ல் ஆண்டிபட்டித் தொகுதி மக்கள் எம்.ஜி.இராமச்சந்திரனையும் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்தவர், மாலையில் கொட்டகை வாயிலில் நீட்டிய சில்லறைக் காசே திரையுலகச் செல்வமாகத் திரண்டது. இங்ஙனம் எளியோர் காசால் செல்வரானோர் எளியோர்க்கு இன்னும் மிகுதியாக ஈதல் வேண்டாவா என்னும் வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகின்றது. இவ்வினாவிற்கு விடை தேடுவோர் ஒருவரது வாழ்வை அறிதல் நலம். அவரே கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

இளமை

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். நாகராசர் கோயில் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் திருவுருவங்கள் இன்றும் விளங்கும் நாகர்கோவிலை நம் வாசகர்க்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. வறுமை காரணமாகத் தொடக்கப் பள்ளியோடு அவரது படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்கும் சிறுவனாகப் பிழைப்பைத் தொடங்கினார், வில்லுப்பாட்டுக் கலையில் தேர்ந்தார், பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

1935-ல் வெளிவந்த மேனகா, 1936-ல் வெளிவந்த சதி லீலாவதி ஆகிய படங்கள் அவரைத் திரைக்கு அழைத்துவந்தன. எம்.ஜி.ஆருக்கும் சதி லீலாவதியே முதற்படம் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. டி.ஏ.மதுரத்துடன் கிருஷ்ணன் இணைந்து நடித்த நகைச்சுவைக் காட்சிகள் பெரும்புகழ் பெற்றன. அவ்விருவரும் வாழ்விலும் துணைவராயினர். எவரையும் இழிவுபடுத்தாது சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைத்தது அவர்தம் நகைச்சுவை. மதுவின் தீமை, கல்வியின் சிறப்பு, மூடப்பழக்கத்தின் கேடு ஆகியவற்றை மேடையிலும் திரையிலும் அவர் இடைவிடாது எடுத்துரைத்தார்.

ஈகை

பொருள் வந்த வேகத்திலேயே அவர் கையிலிருந்து சென்றது. நாடி வந்தோர்க்கு இல்லையென்னாது வழங்கினார். படிப்புச் செலவு, திருமணச் செலவு, நலிந்த நாடகக் கலைஞரின் குடும்பச் செலவு என அவர் ஏற்ற சுமைகள் பலவாகும். தகுதி ஆராய்ந்து கொடுக்கும் வழக்கமோ, கொடுத்ததைக் குறித்துவைக்கும் வழக்கமோ அவரிடம் இல்லை. பசித்து வந்தவரை வினாக்களால் வருத்துதலும் ஒருவகைத் துன்புறுத்தலே என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

சோதனைக் காலம்

1944 நவம்பரில் இதழாளர் இலட்சுமிகாந்தன் சென்னையில் குத்துண்டு இறந்தார். அவ்வழக்கில் எம்.கே.தியாகராச பாகவதருடன் கிருஷ்ணனும் சிறைப்பட்டார். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்யவே, வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மறு விசாரணைக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர். அதுவரை மதுரம் அம்மையார் வழக்கையும் நடத்தி, கணவர் பெயரால் நாடகக் குழுவையும் நடத்திய உறுதி போற்றத்தக்கது. ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதி அவ்வழக்கிலேயே கரைந்தது.

மீண்டு வந்தவருக்கு அவ்வாண்டே பம்மல் சம்பந்த முதலியார் கலைவாணர் என்னும் பட்டத்தைச் சூட்டினார். 1949-ல் அறிஞர் அண்ணாவின் எழுத்தில் நல்லதம்பி என்னும் படத்தைக் கலைவாணர் அளித்தார். எதிர்பாராது பெருஞ்செல்வத்திற்கு உரியவனான ஒருவன் அதனைப் பொதுநலத்திற்குச் செலவிட முனைவதே அதன் கரு. திரையில் நடித்ததையே அவர் இல்லத்திலும் நடத்தினார். மணமகள், பணம் ஆகிய படங்களையும் இயக்கினார். ஆயினும் பழைய வளம் திரும்பவில்லை. கொடுக்கும் வழக்கம் மட்டும் குறையவில்லை.

இறுதி நாட்கள்

கலைவாணர் நோயுற்று மருத்துவமனையில் இருந்தபோது நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது. காண வந்த எம்.ஜி.ஆர். அவரறியாது தலையணையடியில் பணக்கட்டு ஒன்றை வைத்துச் சென்றாராம். அதனைக் கண்ட கலைவாணர், கொடுப்பதைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்திருந்தால் பலருக்குப் பகிர்ந்தளிக்க எளிதாயிருக்குமே என்றாராம். அவரது உள்ளத்தை இதனினும் நன்கு விளக்குவது பிறிதில்லை.

1957 ஆகஸ்ட் 30 அன்று, 48-ஆம் வயதில் அவர் மறைந்தார். விட்டுச்சென்றது புகழே, பொருளன்று. குடும்பம் இடர்ப்பட்டது. எம்.ஜி.ஆர். உள்ளிட்டோர் துணைநின்றனர். 1969 சனவரியில் சென்னையில் அவரது சிலையை அண்ணா திறந்துவைத்தார். அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொது நிகழ்ச்சி அதுவே. சென்னையில் அரசின் கலைவாணர் அரங்கமும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

நாம் எண்ணத்தக்கது

கலைவாணரை வள்ளல் எனப் புகழ்ந்து நின்றுவிடுதல் எளிது. எனினும் நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஆயிரம் பேர்க்கு ஈந்தவரின் மக்கள் பிறர் உதவியை எதிர்நோக்க நேர்ந்தது முறையா? அவர் மறைந்த மறுநாள் அவர் வாயிலுக்கு வந்த வறியவர் எங்குச் சென்றிருப்பர்?

இங்கு மற்றொருவரையும் நினைவுகூர்தல் வேண்டும். 1947-ல் அம்மேல்முறையீட்டில் வாதாடிய வழக்கறிஞர் வி.எல்.எத்திராஜ் தம் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர் 1948-ல் தம் பொருளைக் கொண்டு சென்னையில் மகளிர் கல்லூரி ஒன்றை நிறுவினார். 1960-ல் அவர் மறைந்தபின்னும் எத்திராஜ் கல்லூரி தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குக் கல்வி அளித்துவருகின்றது. கலைவாணரின் கொடை அன்றைய பசியைத் தணித்தது. எத்திராஜின் கொடை அவர்க்குப் பின்னும் வாழ்கின்றது. முன்னதைக் குறைத்துக் கூறுதல் நம் நோக்கமன்று. பசித்தவனிடம் கல்லூரி எழும்வரை பொறுத்திரு எனக் கூறல் ஆகாது. இரண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து.

கலைவாணரை ஆசானாகப் போற்றிய எம்.ஜி.ஆர். இவ்விரண்டையும் கைக்கொண்டார் எனலாம். வாழ்நாளில் நேரில் வழங்கியதோடு, 1987-ல் எழுதிய விருப்ப ஆவணத்தின் வழியே இராமாவரம் தோட்டத்தில் பேச்சும் செவித்திறனும் குன்றிய பிள்ளைகட்கான பள்ளிக்கும் வழிசெய்து சென்றார்.

உழைத்து ஈட்டிய பொருள் தம்முடையது. ஈதலை வற்புறுத்துதல் தகாது என்பார் உளர். வற்புறுத்திப் பெறுவது தானமாகாது என்பது மெய்யே. ஆனால் தமக்கு எவ்வளவு போதும் என்பதைத் தாமே முடிவுசெய்யாதவர், எத்துணை ஈட்டினும் ஈவதற்கு மிச்சம் காணார். இதனாலன்றோ நம் முன்னோர் இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் ஐந்தனுள் ஒன்றாகப் பொருள் வரையறையை வைத்தனர்! அருங்கலச்செப்பு கற்றோர் இதனை அறிவர். வைத்துக்கொள்வதற்கு எல்லை வகுத்தால், மனைமக்களின் தேவையும் காக்கப்படும். எல்லைக்கு அப்பாற்பட்டது பிறர்க்குரியதாகவும் ஆகும். புகழுடைய செல்வருட் பலர் வைத்துக்கொள்வதற்கு எல்லை வகுப்பதில்லை. கலைவாணரோ கொடுப்பதற்கு எல்லை வகுக்கவில்லை. இரண்டனுள் அவரது பிழை உயர்ந்த பிழையே ஆயினும், அதன் விலையை அவர்தம் குடும்பம் செலுத்தியது.

ஆகவே, புகழாற் செல்வம் பெற்றோர் இன்னும் மிகுதியாக ஈதல் வேண்டும் என்றே நாம் உறுதியாகக் கூறுவோம். ஆயின், பிறரை நோக்கி இங்ஙனம் கூறும் நாம் நம் இல்லத்தையும் நோக்குதல் கடன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் குடும்பத்தார் ஒன்றுகூடி, இவ்வளவு நமக்குப் போதும் என ஒரு தொகையைக் குறிப்போமாக. எஞ்சியதில் ஒரு பங்கை வாயிலில் வந்து நிற்போர்க்கும், ஒரு பங்கை நமக்குப் பின்னும் நிற்கவல்ல பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ உரியதாக்குவோமாக. உணவு, மருந்து, கல்வி, அச்சம் நீக்கல் என்னும் நால்வகைத் தானமும் அதனால் தழைக்கும்.

வாழ்க அறம்!