வீரத் துறவி சுப்பிரமணிய சிவா

தருமபுரி மாவட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டி, விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாள்களைக் கழித்த ஊராகும்.

சிவா 1884-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். 1908-இல் வ. உ. சிதம்பரனாரோடு சேர்ந்து தூத்துக்குடியில் நாட்டுரிமை குறித்து மேடைதோறும் முழங்கினார். கூலி உயர்வு வேண்டிய ஆலைத் தொழிலாளர்க்கும் துணைநின்றார். ஆங்கில அரசு இருவரையும் சிறைப்படுத்தியது. நெல்லை நீதிமன்றம் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது. சிறைவாழ்வில் அவரைத் தொழுநோய் பற்றியது. 1912-இல் அந்நோயோடே வெளிவந்தார்.

தொழுநோய் முன்வினையால் வருவதன்று; நுண்கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-இலேயே அக்கிருமியைக் கண்டறிந்தார். அது தோலையும் நரம்பையும் பற்றி மெல்லப் பெருகும். நரம்பு கெடவே உணர்ச்சி மறையும். சுடுவதும் குத்துவதும் தெரியாமையால் புண் மிகுந்து கைகால் சிதையும். பகையை அறிந்தும் அதனை வெல்லும் மருந்தை உலகம் அந்நாளில் பெற்றிலது.

நோயினும் கொடியது பிறர் கொண்ட அச்சம். தொழுநோயாளர் புகைவண்டியில் செல்லலாகாது என்று அரசு தடுத்தது. சிவா சோர்ந்தாரல்லர். நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊரூராகச் சென்று மக்களை எழுப்பினார். 1913-இல் 'ஞானபாநு' என்னும் இதழைத் தொடங்கி நடத்தினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எடுக்க விழைந்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாசு அதற்கு அடிக்கல் நாட்டினார். அக்கோயில் எழுமுன்னரே, 1925 சூலை 23-ஆம் நாள், தம் நாற்பதாம் அகவையில் சிவா மறைந்தார். 2021-இல் அவ்வூரில் பாரத மாதா நினைவாலயம் திறக்கப்பெற்றது.

அவர் மறைந்து ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குள் சல்போன் மருந்துகள் வழக்கிற்கு வந்தன. ஒரே மருந்தைக் கொடுத்துவரின் கிருமி அதனை எதிர்க்கும் வன்மை பெறுதலின், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. இன்று ஆறு முதல் பன்னிரண்டு திங்களில் இந்நோய் தீரும். அரசு மருத்துவமனைகளில் மருந்தும் இலவசமே.

மாணவர்களே! உணர்ச்சியற்ற தேமல் தோன்றின் மறையாது மருத்துவரை நாடுக. நோயுற்றாரை வெறுத்து ஒதுக்காதீர். அன்று சிவாவுக்குக் கிட்டாத மருந்து இன்று நம்மிடம் உண்டு. அவர்க்குப் பலர் காட்டத் தவறிய பரிவையும் நாம் பெற்றிருத்தல் வேண்டும்.